விளையாட்டுக்கும் ஒரு மாடம்

எந்தப் பொருளுக்கு எந்த இடம் தந்திருக்கிறோம் என்பதைக் கொண்டே ஓர் இல்லத்தாரின் உள்ளத்தை ஒருவாறு அளந்து விடலாம். திருமறைக்கு உயர்ந்த இடம் தருகிறோம். பெரியோர் விட்டுச் சென்ற கிதாபுகளுக்குக் கண்ணாடிக் கதவிட்ட அலமாரி தருகிறோம். விருந்தினருக்கென வாங்கிய பீங்கான் தட்டுகளுக்கும் வீட்டில் தனி மரியாதை உண்டு. விளையாட்டுப் பொருள்களுக்கு மட்டும் கட்டிலின் அடியும் பரணின் இருட்டுமே வாய்க்கின்றன. பெருநாள் விடுமுறையில் பிள்ளைகள் ஒன்றுகூடும்போது அவற்றைத் தேடி எடுத்தால், கேரம் பலகை வளைந்திருக்கும். சதுரங்கத்தில் ஒரு சிப்பாய் குறையும். புளியங்கொட்டைப் பையில் வண்டு விழுந்திருக்கும். பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு ஒதுங்கிவிட்டார்கள் என்று பெரியவர்கள் வருந்துவதில் என்ன பொருள் இருக்கிறது?

இந்த எண்ணமே, விளையாட்டுப் பொருள்களுக்கென ஓர் அலமாரி அமைக்க நம்மைத் தூண்டியது. எளிய செயல் என்று தொடங்கினோம். அது மரவேலையில் தொடங்கி மார்க்க விசாரணை வரை நம்மை இட்டுச் சென்றது.

முதலில், நம்மிடம் இருப்பவை யாவை என்று கணக்கெடுத்தோம். உம்மம்மா வைத்து விளையாடிய பலாமரப் பல்லாங்குழி ஒன்று; வரிசைக்கு 7 ஆக இரு வரிசையில் 14 குழிகள் கொண்டது. பினாங்கில் வணிகம் செய்த உம்மாவின் வாப்பா கப்பலில் கொண்டுவந்த 'சொங்காக்' ஒன்று. தோணி போன்ற வடிவம், அதே இரு வரிசைக் குழிகள், இரு முனையிலும் 'வீடு' எனப்படும் பெருங்குழிகளுமாக 16. கொழும்பு உறவினர் தந்த ஒலிந்தப் பலகை ஒன்று. சிங்களவர் தம் புத்தாண்டில் விளையாடுவது. நாம் குன்றிமணி என்பதையே அவர்கள் 'ஒலிந்த' என்கிறார்கள். அம்மணியே ஆட்டத்தின் காய், அதுவே ஆட்டத்தின் பெயர். இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், நம் முன்னோர் பாய் விரித்துச் சென்ற கடல்வழி முழுவதும் மூன்று மரத்துண்டுகளில் அடங்கியிருப்பது புலப்பட்டது. இவற்றைப் பெட்டியில் பூட்டிவைத்தால் இந்த உறவு யார் கண்ணுக்குத் தெரியும்? ஆகவே பாதுகாத்தால் மட்டும் போதாது, பார்வைக்கும் வைக்க வேண்டும் என முடிவாயிற்று.

இவையன்றி ஒரு கேரம் பலகை, இரண்டு சதுரங்கத் தொகுதிகள், பிள்ளைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி விளையாட்டுகள் ஏழெட்டு, உம்மம்மாவின் பித்தளைத் தாயக்கட்டை ஓர் இணை. இந்தக் கடைசிப் பொருளைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

இரும்பு அலமாரியே மலிவு என்றார் காக்கா. துளையிட்ட இரும்புச் சட்டங்களில் தட்டுகளைத் திருகாணியால் பூட்டும் அடுக்கு அது. வேண்டிய உயரத்தில் தட்டை ஏற்றி இறக்கலாம். அந்த வசதி மெய்யே. ஆனால் நம் வீடு கடலுக்கு அருகே இருக்கிறது. "பாய், உப்புக்காற்றுக்கு இரும்பு ஆகாது, வண்ணம் உரிந்த இடத்தில் துரு புகுந்துவிடும்" என்றார் ஆசாரியார். அடுத்து, கடைகளில் ஆயத்தமாய்க் கிடைக்கும் மரத்தூள் பலகை அலமாரிகளைப் பார்த்தோம். தோற்றம் அழகு, விலையும் குறைவு. எனினும் அப்பலகையின் ஓரத்தில் ஈரம் புகுந்தால் ஊதிப் பெருக்கும், பெருத்தது மீளாது, திருகாணியும் பிடிப்பை இழக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும் ஊரில் அதை நம்புவதற்கில்லை.

முடிவில் விடை நம் வீட்டுப் பரணிலேயே இருந்தது. பழுது பார்ப்பதற்காகப் பிரித்த பரணின் பர்மாத் தேக்குப் பலகைகள் ஓர் அங்குலக் கனத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. விளையாட்டுகளை இருட்டில் ஒளித்து வைத்திருந்த அதே பலகைகள் இனி அவற்றை வெளிச்சத்தில் தாங்கட்டும் என்று உம்மா சொன்னதும் ஆசாரியார் அளவுகோலை எடுத்துவிட்டார்.

அளவு எடுக்கும் கலையில் நாம் கற்றவை சில உண்டு. தட்டின் நீளத்தை ஆசைக்கு ஏற்ப நீட்டலாகாது. அடிக்கு இவ்வளவு என்று சீராகச் சுமை ஏற்றிய பலகையின் நீளத்தை இருமடங்காக்கினால், அதன் தொய்வு 16 மடங்காகிறது. கனத்தை இருமடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறைகிறது. எனவே நாலடி நீளத்துக்கு ஒரே தட்டு இடாமல், நடுவே ஒரு செங்குத்துப் பலகை நிறுத்தி இரண்டிரண்டு அடியாகப் பிரித்தோம். புத்தக அலமாரியின் ஆழம் விளையாட்டுக்குப் போதாது என்பதும் அப்போது தெரிந்தது. பெட்டி விளையாட்டுகள் பல ஏறத்தாழ ஓரடிச் சதுரம். பத்தங்குலத் தட்டில் வைத்தால் முன்னே துருத்தி நிற்கும், போகிறவர் தோள் பட்டு விழும். ஆகவே 14 அங்குல ஆழம் வைத்தோம். பெட்டியின் மேல் பெட்டியாகப் பத்து அடுக்கினால் அடிப்பெட்டியின் மூலை நசுங்கும். அதை எடுக்க ஒன்பதை இறக்க வேண்டும். எடுக்கச் சோம்பலாகும் விளையாட்டு விளையாடப்படாத விளையாட்டாகிவிடும். எனவே தட்டுக்கு மூன்று பெட்டிக்கு மேல் இல்லை என்று விதி செய்து, தட்டுகளின் இடைவெளியைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டினோம்.

கேரம் பலகைதான் பெரும் சோதனை. ஆடுகளம் மட்டுமே 74 செண்டிமீட்டர் சதுரம். சட்டத்தோடு சேர்ந்து ஏறத்தாழ மூன்றடி ஆகிறது. சுவரில் சரிவாகச் சாய்த்து வைப்பதே பலர் வழக்கம். அந்தச் சரிவே நாளடைவில் பலகையை வளைக்கிறது. அலமாரியின் ஒரு பக்கத்தில் நாலங்குல அகலத்தில் உயரமான ஒரு பிளவறை அமைத்து, அடியில் கம்பளித் துணி ஒட்டி, அதில் பலகை நேர்நிமிர்ந்து நிற்கும்படி செய்தோம். 9 வெள்ளை, 9 கறுப்பு, 1 சிவப்பு ஆக 19 காய்களும் மூடியுள்ள டப்பாவில் அருகிலேயே இருக்கின்றன. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் சென்னைச் செல்வி காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற செய்தி வந்தபோது, நம் வீட்டுப் பெண்மக்கள் பலகையை இழுத்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால்தானே இழுத்தார்கள்!

இடமும் எண்ணிச் செய்ய வேண்டியதே. மேற்குச் சன்னலின் எதிரே வைத்தால் வெயில் அட்டையின் வண்ணத்தைக் குடித்துவிடும். வெளிச்சுவரோடு ஒட்டினால் மழைக்கால ஈரம் ஏறும். ஆகவே கூடத்தின் உட்சுவரைத் தெரிந்தெடுத்து, பின்புறம் இரண்டங்குலம் காற்றோட விட்டு, கறையான் ஏறாதிருக்கக் கால்களைக் கருங்கல் துண்டின் மேல் நிறுத்தினோம். கனமானவற்றைக் கீழ்த்தட்டில் வைத்தோம். மேற்புறத்தை இரும்புப் பட்டையால் சுவரோடு பூட்டினோம். ஏணியென்று எண்ணித் தட்டில் கால் வைக்காத பிள்ளை எந்த வீட்டில் உண்டு? பூட்டாத அலமாரி பிள்ளையின் மேல் சாயும் ஆபத்து உடையது. இதைப் பெற்றோர் ஒருபோதும் மறக்கலாகாது. குன்றிமணியோ பார்வைக்கு அழகு, உள்ளே நஞ்சு. மென்று விழுங்கினால் உயிருக்கே கேடு. அதைத் திருகுமூடிக் கண்ணாடிக் குப்பியில் இட்டு உச்சித் தட்டில் வைத்துவிட்டு, ஒலிந்தப் பலகைக்குச் சோழிகளைத் துணையாக்கினோம்.

மரவேலை இவ்வளவில் முடிந்தது. மனவேலை அதன் பின்னரே தொடங்கியது.

"விளையாட்டைக் கூடத்தில் கடை பரப்பலாமா? தொழுகையுள்ள வீட்டுக்கு இது அழகா?" என்று காக்கா கேட்டார். அக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளவில்லை. பதிலை நூல்களில் தேடியபோது, நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்துக்கே சென்று சேர்ந்தோம். அபூதாவூதில் ஒரு செய்தி வருகிறது. அண்ணலார் ஒரு போரிலிருந்து திரும்பிய வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் தொங்கிய திரையைக் காற்று விலக்குகிறது. உள்ளே பாவைகள், அவற்றின் நடுவே துணியால் செய்த ஒரு குதிரை, அதற்கு இரு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று அண்ணலார் வினவ, நபி சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகு உண்டெனக் கேட்டதில்லையா என்று அன்னையார் விடை கூற, அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்பது செய்தி. திரை தொங்கிய அவ்விடத்தை 'ஸஹ்வா' என்கிறது அரபு மூலம். சிற்றறை என்றும், சுவர் மாடம் என்றும், பொருள் வைக்கும் தட்டுப் போன்றது என்றும் அச்சொல்லுக்கு அறிஞர் பொருள் உரைப்பர். ஆம்! அருள் இறங்கிய அந்த எளிய இல்லத்திலும் விளையாட்டுப் பொருளுக்கு ஓர் இடம் இருந்தது.

அதே இல்லத்தைப் பற்றி மற்றொரு செய்தியும் புகாரியில் உண்டு. உருவங்கள் உள்ள ஒரு திரையை அன்னையார் தொங்கவிட, அண்ணலார் அதை விரும்பவில்லை. அத்துணி பின்னர் சாய்மானத் தலையணைகளாயிற்று. ஆக, வைக்க இடம் உண்டு. எதையும் வைக்கலாம் என்பது இல்லை. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் பாடம் கொண்டோம்.

அப்பாடத்தின்படி, செய்ப்பூரிலிருந்து அன்பளிப்பாக வந்த சதுரங்கத் தொகுதியை வெளித்தட்டில் நிறுத்தவில்லை. முகம் செதுக்கிய மன்னரும் ஒட்டகமும் யானையும் வரிசையாக நின்றால் அது சிலைக்காட்சியாகிவிடும். எளிய மரக்காய்த் தொகுதியே வெளியே இருக்கிறது. முஸ்லிம்கள் காய்களை உருவமின்றிக் கடைந்த வரலாறு பழமையானது. 12ஆம் நூற்றாண்டில் நீஷாப்பூரில் செய்யப்பட்ட அத்தகைய தொகுதி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சதுரங்கம் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பந்தயம் இன்றி, தொழுகை தவறாமல் ஆடினும் ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ். ஹனஃபீ மத்ஹபில் இன்னும் கடுமை. கலீஃபா முக்தஃபியின் அவையில் ஆடிய அஸ்ஸூலீ போன்றோர் நூல் எழுதிய கலை அது என்பதும் வரலாறு. பிள்ளைகளிடம் இரண்டையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

இனித் தாயக்கட்டை. பகடை ஆட்டத்தை நபிமொழிகள் வன்மையாகக் கண்டிக்கின்றன. அதில் நமக்கு ஐயமில்லை. அதனாலேயே பெட்டி விளையாட்டுகளில் பகடை உள்ளவற்றை விலக்கிவிட்டோம். ஆனால் இது உம்மம்மாவின் கைபட்ட பித்தளை. விதவையான பின், ஆண்கள் கடல் கடந்திருந்த நெடிய பிற்பகல்களில் ஊர்ப் பெண்களோடு அவர் உருட்டியது. "எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார் காக்கா. "உம்மம்மாவின் பொருளை எடைக்குப் போடுவதா?" என்று ராத்தா கண் கலங்கினார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்ததால் இரண்டு நாள் அலமாரி வேலை நின்றது.

தலையணையான அந்தத் திரையே வழி காட்டியது. பொருளை அழிக்காமல் அதன் பணியை மாற்றலாம் அல்லவா? தாயக்கட்டை நீண்ட நாற்பட்டைக் கோல். ஒவ்வொன்றிலும் இரு துளையிட்டு, அலமாரியின் இரண்டு இழுப்பறைகளுக்கும் கைப்பிடியாகப் பூட்டினார் ஆசாரியார். இனி அவை உருளா. காக்காவுக்கு மன அமைதி; ராத்தாவோ ஊருக்கு வரும்போதெல்லாம் எதையும் எடுக்காமலே ஒருமுறை இழுப்பறையைத் திறந்து மூடுகிறார்.

அலமாரியின் பக்கப் பலகையில் மூன்று விதிகள் எழுதியிருக்கிறோம். பாங்கொலி கேட்டால் ஆட்டம் அப்படியே நிற்கும். எடுத்தவரே எண்ணி வைக்க வேண்டும். எந்த ஆட்டத்திலும் பணயம் இல்லை. இரவலுக்கு ஒரு சிறு ஏடும் தொங்குகிறது. அண்டை வீட்டாருக்குத் தராத விளையாட்டு யாருக்குப் பயன்?

அலமாரி வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுதான். முதலில் பொருளை அளங்கள், பிறகு பலகையை அளங்கள். கடைக்குச் செல்லுமுன் பரணைப் பாருங்கள். குடும்பத்தில் மறுத்துப் பேசுபவரையும் அழைத்து வைத்துத் தட்டுகளை நிரப்புங்கள். அவர் மறுப்பினால் சில பொருள்கள் வெளியேறும், எஞ்சியவை மன உறுத்தல் இன்றி நிற்கும். பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் நல்லதை வைத்தால் அக்கை அதையே நாடும். அதற்கு இறைவன் அருள் புரிவானாக.