தூதர் உலா

எங்கள் கல்லூரி நூலகத்தில், ஜப்பானியர் தீட்டிய ஓவியச் சுருள் ஒன்றன் அச்சுப்படிகளைச் சென்ற திங்களில் காணும் பேறு பெற்றேன். ரியூக்யூத் தீவுகளின் அரசன் விடுத்த தூதுக்குழு, சோகன் வீற்றிருந்த எடோ நகருக்குச் சென்ற காட்சி அது. வலத்தினின்று இடமாக விரித்துக்கொண்டே போதல் வேண்டும். கொடி பிடிப்போர், குழல் ஊதுவோர், குதிரைமேல் வருவோர், பல்லக்குச் சுமப்போர் என வரிசை முடிவதாக இல்லை. நம் உலா நூல்களில் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகை மகளிர் தெருவில் நின்று தலைவனைக் காண்பர். யான் கண்ட படிகளிலோ தெருவோரத்தில் ஒருவரும் இலர். சுருளை விரிப்பவனே காண்போன்.

அவர்தம் ஆடையே என்னை நெடுநேரம் நிறுத்தியது. 1609-இல் சாத்சுமா நாட்டுத் தலைவர் ரியூக்யூமீது படையெடுத்து அதனை அடிப்படுத்தினர். 1634 முதல் 1850 வரை அத்தூதரைச் சோகனிடம் அழைத்துச் சென்றவர் அவர் வழியினரே. 1709-இல் அவர்கள் பிறப்பித்த கட்டளை யாது? தூதர் உடுப்பனவும் ஏந்திச் செல்வனவும் சீனப் பாங்கினவாகத் தோன்றுதல் வேண்டும், ஜப்பானியச் சாயல் கூடாது என்பதே. அயல்நாட்டரசனையும் அடக்கியாள்கின்றோம் எனப் பெருமை கொள்ளற்பொருட்டு, அடக்கப்பட்டவனை அயலானாக உடுத்த வேண்டியிருந்தது!

இதனை வெறும் வரலாற்றுச் செய்தியாக யான் படிக்கவியலாமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற கோடை விடுமுறையில், யான் எங்கள் ஊராகிய வேப்பம்பட்டில் மின்தொடர்வண்டி ஏறிச் சென்னை அடைந்து, அங்கு வகுப்புத் தோழர் மூவருடன் கூடி, இரவு வண்டியில் இராமநாதபுரம் சென்றேன். ஆங்குள்ள இராமலிங்க விலாசத்தின் சுவரெல்லாம் ஓவியம். 1710 முதல் 1725 வரை ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தவை அவை. தஞ்சை மராட்டியரொடு பொருத போர் ஒருபால், இராமகாதை ஒருபால், சேதுபதியைக் காண வந்த ஐரோப்பியர் ஒருபால். அவர்தம் தொப்பியை நோக்கிய தோழன் ஒருவன், "பாரடா, உன் முன்னோர் வந்திருக்கிறார்கள்!" என்றான். எல்லோரும் நகைத்தனர். யானும் நகைத்தேன். அதுவே பின்னர் உறுத்தியது.

அவன் தீயவன் அல்லன். நாள்தோறும் என்னோடு தொல்காப்பியம் பயில்பவன். ஆயினும் திரும்பும் வண்டியில் எனக்கு உறக்கம் வரவில்லை. முத்துக்குளிப்பிலும் வாணிகத்திலும் கண் வைத்துச் சேதுநாட்டை நாடி வந்த டச்சுக்காரருக்கும் எனக்கும் என்ன உறவு? அம்மண்டபத்தை எழுப்பிய கிழவன் சேதுபதியின் காலத்தில், 1693-இல், ஓரியூரில் வெட்டுண்டு இறந்த அருளானந்தர் போர்த்துகீசியர் என்பது மெய்யே. ஆனால் அவர்பால் திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர் மறவர் குலத்தவர், அந்நிலத்திலேயே பிறந்தவர். அவர் தலையில் எவர் தொப்பி வைப்பார்? என் பாட்டியார் வேப்பம்பட்டினின்று திருவள்ளூருக்கு அப்பால் சென்றதே அரிது. அவர் செபிப்பதும் சினப்பதும் தமிழில்தான்.

இவ்விடை அன்று மண்டபத்தில் என் வாயில் எழவில்லை. நூலகத்தில் அச்சீன உடையைக் கண்டபோதுதான், அன்று எனக்கு அணிவிக்கப்பட்டது யாது என விளங்கிற்று. ரியூக்யூவாருக்காவது கட்டளையிட்டு உடுத்தினர். எனக்கோ ஒரு நகைப்பே போதியதாயிற்று.

அத்தோழன் இருமுறை கிறிஸ்துமஸ் நாளில் எங்கள் இல்லம் வந்து பாட்டியார் கையால் உண்டவன். இவ்வாண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அந்நூலை விடுமுறைக்கு இரவல் தரும்படி நூலகரைக் கேட்டு வைத்திருக்கிறேன்.