இறங்கும் ஒத்திகை

கென்யாவின் மசாய் மாராவில் பலூனில் பறக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. என்னுடையது அல்ல. எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் துணி உலர்த்தும்போதே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா போன பிறகு அம்மா வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் இது. என் பயத்தைச் சொல்லி மறுக்க மனம் வரவில்லை.

ஹைதராபாத்தின் தார்நாகாவில் வாழ்க்கைப்பட்டவருக்குப் பலூன் ஆசை வருவது இயல்புதான். இ.சி.ஐ.எல். பக்கம் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளம் 1969 முதல் இருக்கிறது. ஹைட்ரஜன் நிரப்பிய மெல்லிய பாலித்தீன் பலூன்கள் அங்கிருந்து கருவிகளைச் சுமந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் உயரம் போகும். ரயில்வேயில் இருந்த அப்பா, விடிகாலையில் மொட்டைமாடிக்கு அம்மாவை எழுப்பிக் கூட்டிப்போய் வெள்ளைப் புள்ளி ஒன்றைக் காட்டுவார். 2005 ஏப்ரலில் அப்படிப் போன ஒரு பலூன் 41 கிலோமீட்டர் உயரம் வரை காற்றைப் பிடித்து வந்தது. அந்தக் காற்றில் மூன்று புதிய பாக்டீரியா வகைகள் கிடைத்ததாக 2009-ல் அறிவித்தார்கள். ஆராய்ந்தவர்களில் பக்கத்து ஹப்சிகூடாவின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் உண்டு. ஒரு வகைக்கு ஆரியபட்டரின் பெயர். அம்மா அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறார்.

மாராவின் பலூன் வேறு ரகம். புரொப்பேன் வாயுவை எரித்துச் சூடாக்கிய காற்றுதான் அதைத் தூக்குகிறது. வனவிலங்குப் படங்கள் எடுத்த ஆலன் ரூட் 1976-ல் கீக்கொரோக் விடுதியிலிருந்து இந்தப் பயணங்களைத் தொடங்கி வைத்தார். விடியும்போது காற்று அடங்கியிருக்கும், அப்போதுதான் கிளம்புவார்கள். பைலட்டால் ஏற்றவும் இறக்கவும் முடியும், திசை திருப்ப முடியாது. ஒவ்வொரு உயரத்திலும் காற்று ஒவ்வொரு பக்கம் வீசும். அதற்கேற்ப உயரத்தை மாற்றி மாற்றிப் போவதுதான் அவருடைய வித்தை. ஆகவே எங்கே இறங்குவோம் என்பது ஏறும்போது தெரியாது. சமமான தரையில் மெல்ல இறங்கலாம், காற்று கொஞ்சம் கூடிவிட்டால் கூடை தரையில் மோதி, சற்றுத் தூரம் இழுபட்டு, பக்கவாட்டில் சாயவும் செய்யலாம்.

பதிவுப் படிவத்தில் இருந்த கேள்விகளெல்லாம் இந்த இறக்கத்தைச் சுற்றியே இருந்தன. அண்மையில் அறுவை சிகிச்சை உண்டா, முதுகுவலி உண்டா, மூட்டுவலி உண்டா, கர்ப்பமா. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒருவருக்கு ஏறக்குறைய 500 டாலர் ஆகும் பயணத்தைக் கைவிட யாருக்குத்தான் மனம் வரும்? நான் படிவத்தோடு அம்மாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

ரிசல்ட் வருவதற்குள் வீட்டில் ஒத்திகை தொடங்கிவிட்டது. சில பலூன்களில் கூடை தரையில் படுத்திருக்கும்போதே உள்ளே புகுந்து மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். பலூன் நிமிரும்போது நாமும் நிமிர்வோம். அதற்காக ஹாலில் ஒரு நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்துக் கிடத்தி, அதில் முதுகை வைத்து முழங்காலை மடித்துப் படுத்துப் பழகினோம். இறங்கும்போது வேறு நிலை: பலூன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி, கூடைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடியை இரு கையாலும் பற்ற வேண்டும். செல்போன், கேமரா எல்லாம் அதற்கு முன்பே பைக்குள் போய்விட வேண்டும். அம்மா என்னைவிட நன்றாகச் செய்தார்.

ஆனால் ஸ்கேனில் முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. கூடை ஒரு தடவை தடாலென்று இறங்கினாலும் எலும்பு நொறுங்கிப்போகலாம், பலூன் வேண்டாம் என்றார் டாக்டர். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. ஆட்டோவில் தெருமுனை திரும்பும்போதுதான் வாயைத் திறந்தார்: "நீ போயிட்டு வா. நான் கீழே ஜீப்புல வரேன்."

அப்போதுதான் சொன்னேன், எனக்கு உயரம் என்றால் பயம் என்று.

"தெரியும்டி. துணி காயப்போடும்போது சுவரோரமாத்தானே நிப்பே. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

அன்றிரவு வெகுநேரம் பேசினோம். பயணத்தை விட்டுவிடலாமா என்று அவரே கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பயத்தை ஒருவரிடம் சொல்லிவிட்ட பிறகு அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிந்தது. பலூன் காற்றோடு சேர்ந்தே போவதால் முகத்தில் காற்று அடிப்பது குறைவு, கூடை மார்பளவு உயரம், தூரத்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றல் குறையும் என்று படித்தவற்றை அம்மாவிடம் ஒப்பித்தேன். உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் காலை நடையின்போது தொடைக்கும் முழங்காலுக்கும் பயிற்சி செய்தேன்.

மற்ற ஏற்பாடுகளில் கவனம் தேவைப்பட்டது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குத்தான். ஹைதராபாத்தில் நாராயணகூடாவிலுள்ள நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனத்தில் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் தடுப்பூசி அட்டை செல்லும், பிறகு ஆயுள் முழுதும் செல்லும். அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அறுபதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கூடுதல் என்பதால் அம்மாவுக்கு முதலில் டாக்டரின் யோசனை கேட்டுத்தான் போட்டோம். மலேரியா மாத்திரைக்கும் அவரிடமே சீட்டு வாங்கினோம். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, அதனால் துணிப்பைகள். மாராவுக்குப் போகும் சிறு விமானத்தில் 15 கிலோதான் அனுமதி. விடிகாலைக் குளிருக்கு ஸ்வெட்டர், தலைக்கு மேலே எரியும் பர்னரின் சூட்டுக்கு ஒரு தொப்பி.

காற்று சரியில்லை என்றால் பைலட் அன்றைய பயணத்தை ரத்து செய்துவிடுவார். அதற்காக விடுதியில் ஓர் இரவு கூடுதலாகப் போட்டிருக்கிறேன். பலூனைத் தொடர்ந்துபோய் இறங்குமிடத்தில் எங்களை ஏற்றிக்கொள்ளும் வண்டியில் அம்மாவுக்கு இடம் உண்டா என்று எழுதிக் கேட்டேன். உண்டு என்று பதில் வந்துவிட்டது. அந்த வண்டியோடு பைலட் ரேடியோவில் பேசிக்கொண்டே வருவாராம். டிரைவர் பக்கத்து சீட் கிடைக்குமா என்று இன்னொரு தடவை எழுதச் சொல்லியிருக்கிறார் அம்மா.