ருசி பாராத சமையல்

சென்ற ரமலானில் எம் மகன் 'ஷொகுகெகி நோ சோமா' என்னும் ஜப்பானிய அனிமேயில் மூழ்கிக் கிடந்தான். 2015இல் வெளிவந்த சமையல் போட்டித் தொடர் அது. ஆபாசக் காட்சிகள் மலிந்திருப்பதைப் பிற்பாடு கண்டே நிறுத்தினோம். முதலிலேயே கவனியாதது எம் தவறு.

சிற்றுணவகக்காரரின் மகன் சோமா, தோட்சுகி சமையல் கல்விக்கூடத்தில் சேர வருகிறான். தேர்வாளர் எரினா 'கடவுளின் நாக்கு' எனப் புகழப்படுபவள். (அப்பெயரே எமக்கு உறுத்தியது.) கோழி இறக்கைச் சாற்றை உறையவைத்து, முட்டையோடு சுடுசோற்றின் மேல் தூவுகிறான், அது உருகிச் சோற்றில் இறங்குகிறது. அவளுக்குப் பிடித்துவிடுகிறது. ஆயினும் செருக்கினால், சுவையில்லை என்று பொய் சொல்லி அவனை நிராகரிக்கிறாள்.

அதைப் பார்த்த சில நாள்களில், இஃப்தாரின்போது மகன் நோன்புக் கஞ்சியை ஒரு மிடறு அருந்திவிட்டு, நடுவரைப் போல் "பத்துக்கு நான்கு" என்றான். அவன் உம்மா ஒன்றும் கூறவில்லை. நோன்போடு சமைப்பவர், தேவைக்கு நாவில் வைத்துப் பார்த்து உமிழ்ந்துவிடலாம் என ஆலிம்கள் கூறியும், பேணுதலாக அதையும் தவிர்ப்பவர். கைக்கணக்கில்தான் உப்பு.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று புகாரியில் வரும் செய்தியைச் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள், ஷஃபானில் ஒரு வலீமாவிலிருந்து திரும்பும் வழியெல்லாம் பிரியாணியின் நெய்யையும் கறியையும் நாம் அலசியது நினைவுக்கு வந்தது. பின்னிருக்கையில் அவன் இருந்தான்.

ஹதீஸைச் சொன்னோம், அந்த வலீமாவையும் சொன்னோம். சற்று நேரம் கழித்து உம்மாவிடம் கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டான்.

உப்பு குறைவாகத்தான் இருந்தது.