சமையலறை மேசையில் ஒரு மர்ம வீடு

கணினி அறிவியல் மாணவிகளுக்குப் பகுதி ஒன்று தமிழ் எடுக்கிறேன். பெண்கள் எழுத உட்காரும் இடங்களைப் பற்றிப் பேசிய ஒரு நாள், அவர்கள் துறையிலிருந்தே ஒருவரைச் சொன்னேன்: அமெரிக்காவின் ராபர்ட்டா வில்லியம்ஸ்.

கலிஃபோர்னியாவில் 2 சிறு பிள்ளைகளோடு வீட்டில் இருந்தவர் அவர். படமே இல்லாத, சொற்களாலேயே குகையை வருணிக்கும் 'கலாசல் கேவ்' விளையாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. முடித்தபின் அதுபோல வேறு தேடினார். மனத்துக்குப் பிடித்ததாகக் கிடைக்கவில்லை. சமையலறை மேசையில் தாள்களை விரித்து, ஒரு மர்ம வீட்டையும் அதில் நடக்கும் கொலைகளையும் தானே வரைந்தார். முதலில் ஆர்வம் காட்டாத கணவர் கென்னிடம் கதையைச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். சொற்களோடு படங்களையும் சேர்க்கலாம் என்று முடிவானது. 1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' வந்தது. வீட்டுக் கணினிக்கான முதல் பட சாகச விளையாட்டு அது. பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்றார்கள். அதிலிருந்துதான் சியரா நிறுவனம் வளர்ந்தது.

"மேம், நிரல் எழுதினது அவங்க வீட்டுக்காரர்தானே? அப்புறம் எப்படி அது இவங்களோடதாகும்?" என்றாள் ஒருத்தி.

கதை, வரைபடம், புதிர், படம் எல்லாம் ராபர்ட்டாவுடையவை என்று பதில் சொன்னேன். 1984இல் 'கிங்ஸ் குவெஸ்ட்' என்ற அரசகதைத் தொடரைத் தொடங்கியதும், 1988இல் அதன் நான்காம் பாகத்தில் சாகும் தறுவாயிலிருந்த அரசனைக் காப்பாற்ற மகள் ரொசெல்லாவை அனுப்பியதும் அவர்தான் என்றேன். ஆண் நாயகர்களே நிறைந்திருந்த காலம் அது. 1990களின் இறுதியில் துறையை விட்டு விலகியவர், 2023இல் தன்னை முதலில் இழுத்த அதே குகையைப் புதிதாக வடிவமைத்துத் திரும்பி வந்தார்.

பதில் சரிதான். ஆனால் வீட்டுக்கு வந்து என் முனைவர் பட்ட ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். அதுவும் சமையலறை மேசையில், பாத்திரம் கழுவி முடித்த இரவுகளில் எழுதியதுதான். நன்றியுரையில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: 'ஆய்வு செய்ய அனுமதித்த கணவருக்கு நன்றி.' அவர் அனுமதி தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. எல்லா ஆய்வேட்டிலும் அப்படித்தான் இருந்தது, நானும் எழுதினேன். என் உழைப்பின் வாசலில் இன்னொருவரை நிறுத்திய அந்தச் சொல்லை யாரும் என்மீது திணிக்கவில்லை.

இப்போது அந்த ஆய்வேடு நூலாகிறது. மெய்ப்பில் 'அனுமதித்த' என்பதை அடித்துவிட்டு, 'பிள்ளையைத் தூங்கவைத்த' என்று எழுதினேன். அவர் செய்தது அதுதான். மற்றதை நான் செய்தேன்.