பூவா தலையா

தி.நகர். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்து, இரண்டாம் மாடி. மூன்று கணினி, நான்கு நாற்காலி. விளம்பரம் போடும் ஒரு பெண், உதவிக்கு ஒரு பையன்.

திரையில் இரண்டு விளம்பரம். இரண்டிலும் ஒரே மாடல் சிரிக்கிறாள். அதே மாம்பழ மஞ்சள் சேலை, அதே அரக்கு பார்டர். மேலே உள்ள வரி மட்டும் வேறு. ஏ: ‘ஆடித் தள்ளுபடி 50%’. பி: ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’. ஒரே விலையில் இரண்டு எடுப்பவருக்கு இரண்டும் ஒரே கணக்கு.

ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 500 ரூபாய். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு. பெண்கள், 30 முதல் 55 வயது வரை. யாருக்கு எது என்று கணினி சீட்டுக் குலுக்குகிறது.

வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து: ஏழு நாள் கை வைக்கக் கூடாது. திங்கட்கிழமைக் கூட்டம் வேறு, ஆடி வெள்ளிக் கூட்டம் வேறு.

இன்று மூன்றாம் நாள். சேலைக் கடை அண்ணாச்சி வந்திருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. கண் திரையில்.

க்ளிக்: ஏ 31, பி 19.

“பியை நிப்பாட்டிரும்மா. காசு வீணாப் போவுது.”

“இன்னும் நாலு நாள் இருக்கு சார். அம்பது தடவை காசு சுண்டினாக்கூட இப்படி விழும்.”

விழும்தான். இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ கோணல், சுமார் எட்டு ஆட்டத்துக்கு ஒன்றில் வரும்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் எடுக்கிறார். சுண்டுகிறார். தலை. பூ. தலை. டீ வருகிறது. தலை. டீயில் ஆடை படிகிறது. ஒரு தடவை காசு மேஜைக்கடியில் ஓடுகிறது. பையன் குனிந்து எடுத்துத் தருகிறான். அதை எண்ணுவதா வேண்டாமா என்று சின்னக் குழப்பம். எண்ணிக்கொள்கிறார். பன்னிரண்டோடு நிறுத்துகிறார். எட்டு தலை, நாலு பூ.

“தலைதானே ஜெயிக்குது?”

அவள் திரையை ஒரு சாண் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

வாட்ஸ்அப் பட்டனின் பச்சையையும் மாற்றிப் பார்க்கலாம் என்கிறான் பையன். கூகுள் 41 நீலங்களை வைத்துப் பார்த்த கதை அவனுக்குத் தெரியும். அவள் பலகையைக் காட்டுகிறாள். வரியும் பச்சையும் சேர்ந்து மாறினால் க்ளிக் எதற்கு விழுந்தது என்று யார் சொல்வது?

அலமாரியில் கிளாட் ஹாப்கின்ஸின் புத்தகம். 1923-இல் வந்தது. பத்திரிகையிலிருந்து வெட்டி அனுப்பும் கூப்பன்களை எண்ணி, எந்த விளம்பரம் விற்கிறது என்று பார்த்தவர். தபால் வரும்வரை பொறுத்தவர். புத்தகத்தின் மேல் வைஃபை ரௌட்டர்.

கீழே நைட்டி வியாபாரி. “இருநூறு, இருநூறு” என்று கத்துகிறார். யாரும் நிற்கவில்லை. “ரெண்டு முந்நூத்தம்பது” என்று மாற்றுகிறார். அதே நேரம் மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கிறது. தெரு நிரம்புகிறது. ஆறு பேர் நைட்டியைப் பிரித்துப் பார்க்கிறார்கள். வியாபாரி இருநூறை மறந்துவிட்டார். புது வரியையே குரல் கம்மும்வரை கத்துகிறார். ரயிலுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

அண்ணாச்சியின் போன் அடிக்கிறது. அடையாறு, வீட்டிலிருந்து. ஸ்பீக்கர் தானாக ஆன் ஆகிறது.

“ஏங்க, எனக்கு பாதி விலைன்னு வருது. மருமகளுக்கு ஒண்ணு வாங்கினா ஒண்ணுன்னு வருது. எது நெசம்?”

“ரெண்டும் நெசம்தான்.”

“அப்ப எனக்கு ஏன் அது வரலை?”

அண்ணாச்சி அவளைப் பார்க்கிறார். அவள் கீபோர்டைப் பார்க்கிறாள். பையன் இருமுகிறான்.

ஃபிளெக்ஸ் கடைக்காரர் மாடியேறி வருகிறார், கையில் அளவு டேப். கடை வாசல் போர்டு, இருபதுக்குப் பத்து. ராத்திரியே மாட்ட வேண்டும்.

“எந்த வரிண்ணே?”

“ரெண்டையும் போடு. ஒரே சைஸ்ல.”

ஃபிளெக்ஸ்காரர் சிகரெட் அட்டையில் எழுதிக்கொள்கிறார். அட்வான்ஸ் கேட்கிறார்.