ஐந்து பேருக்கு ஒரு விளக்கு

நான் 1994ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதியவள். கலைப்பிரிவு. எங்கள் ஊர் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுன்னாகத்தில் மின்சார நிலையம் இருந்தது. ஆனால் 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும். அந்த நாட்களில் நாங்கள் படித்தது சிக்கன விளக்கில். ஒரு ஜாம் போத்தல், அதன் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் சுற்றிய ஒரு நூல்திரி. அவ்வளவுதான். உங்களில் பலருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இளைய சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர் ஒன்றாக இருந்து படிக்கத் தொடங்கியதற்குப் பெரிய இலட்சியம் எதுவும் காரணமில்லை. ஐந்து வீட்டில் ஐந்து விளக்கு எரிவதற்குப் பதிலாக ஒரு வீட்டில் ஒரு விளக்கு எரிந்தால் நாலு வீட்டு எண்ணெய் மிச்சம். அதனால்தான் தாய்மாரும் சம்மதித்தார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு முன்னர் வந்துவிட வேண்டும், இரவு அங்கேயே படுத்து விடிய எழும்பிப் போக வேண்டும் என்பது நிபந்தனை. பொம்பர் சத்தம் கேட்டால் ஓடுவதற்கு அந்த வீட்டு முற்றத்தில் பதுங்குகுழி இருந்தது.

ஐவரும் ஒரே பாடம் படித்தவர்கள் அல்லர். இரண்டு பேர் உயிரியல் பிரிவு. அப்பொழுது உயர்தரத்துக்கு நான்கு பாடங்கள். அவர்களுக்கு விலங்கியல், தாவரவியல், இரசாயனவியல், பௌதிகவியல். ஒருத்தி கணிதப் பிரிவு, ஒருத்தி வர்த்தகப் பிரிவு, மற்றது நான். பாடம் வேறு வேறாக இருந்தால் என்ன உதவி செய்யலாம் என்று நீங்கள் கேட்கலாம். ஆரம்பத்தில் நாங்களும் அவரவர் புத்தகத்தை விளக்குப் பக்கம் இழுப்பதிலேயே குறியாக இருந்தோம்.

ஒருநாள் கூரை ஒழுகி ஒரு துளி தண்ணீர் சூடான போத்தலில் விழுந்தது. போத்தல் படாரென்று வெடித்துவிட்டது. இருட்டுக்குள் எல்லோரும் வாயடைத்து இருக்க, கணிதக்காரி மட்டும் பேசினாள். தண்ணீர் பட்ட இடம் சட்டென்று சுருங்கும், மற்ற இடம் சூட்டில் விரிந்தபடியே நிற்கும், கண்ணாடி வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும், அந்த இழுபறியில்தான் வெடிக்கிறது என்று சொன்னாள். உயிரியல் பிள்ளைகள் இருவரும் பௌதிகவியலில் அந்தப் பகுதியை வாய்ப்பாடமாக வைத்திருந்தவர்கள். "இதைத்தானோடி புத்தகத்திலை உப்பிடி எழுதி வைச்சிருக்கிறாங்கள்?" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து பௌதிகவியல் வினாக்கள் கணிதக்காரியிடம் போயின.

எனக்கும் வர்த்தகக்காரிக்கும் பொதுவாக இருந்தது பொருளியல். கேள்வி நெகிழ்ச்சி எனக்குப் பிடிபடவேயில்லை. அவள் மண்ணெண்ணெயைக் காட்டினாள். "விலை நாலு மடங்கு கூடினாலும் உன்ரை அம்மா வாங்கிற போத்தல் எண்ணிக்கை பெரிசாக் குறைஞ்சதோ? இல்லை. ஏனெண்டா வேறை வழியில்லை. இது நெகிழ்ச்சியற்ற கேள்வி. சவர்க்காரம் விலை கூட நாங்கள் பனம்பழத்துக்குப் போயிட்டம். அது நெகிழ்ச்சியுள்ள கேள்வி." பொருளாதாரத் தடையே எங்களுக்குப் பொருளியல் பாடநூலாகிவிட்டது என்று பிறகு பகிடியாகச் சொல்லிக்கொள்வோம்.

என்னிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்தது வினாவை வாசிக்கும் பழக்கம். தமிழும் அளவையியலும் படித்ததால் எனக்குச் சொல்லில் கண். 'குறிப்பிடுக' என்றால் பெயரைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். 'விளக்குக' என்றால் ஏன், எப்படி என்று எழுத வேண்டும். 'ஒப்பிடுக' என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒற்றுமை, வேற்றுமை காட்ட வேண்டும். ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு மற்றதற்கு நாலு வரி எழுதினால் புள்ளி போய்விடும். தெரிந்த விடையைத் தெரியாதவள் போல எழுதிவிட்டு வருகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனையோ பேர். கடந்த வருட வினாத்தாள்களைக் கையால் பிரதி பண்ணித்தான் வைத்திருந்தோம், அதுவும் பழைய கொப்பிகளின் வெறும் பக்கங்களில். வினாவிலுள்ள வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போட்ட பிறகே விடை எழுதத் தொடங்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருந்தோம்.

இனிச் சொல்லப்போவது உயிரியல் பிள்ளைகள் இருவரைப் பற்றியது. பெயர் வேண்டாம். ஒருத்தியை மூத்தவள், மற்றவளை இளையவள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இடையில் நாலு மாத வித்தியாசம்தான்.

இளையவளுக்குப் பரம்பரையியல் ஓடவில்லை. மூத்தவள் மூன்று இரவு அதற்காகச் செலவழித்தாள். சீமெந்து நிலத்தில் கரியால் பதினாறு கட்டங்கள் கீறி, புளியங்கொட்டையும் ஆமணக்கங்கொட்டையும் வைத்து, 9:3:3:1 எப்படி வருகிறது என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் காட்டினாள். மூன்றாம் நாள் இளையவள் தானே கட்டம் கீறித் தானே நிரப்பினாள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவளின் தாய் அடுத்தநாள் மகளைக் கூப்பிட்டுச் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "நீ உன்ரை கையாலை உன்ரை இடத்தைத் தூக்கிக் குடுக்கிறாய் பிள்ளை."

அந்தத் தாயை நான் குறைசொல்லமாட்டேன். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படை 1974ஆம் ஆண்டு வந்தது. இன்றும் வைத்தியம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம் என்றே பகிர்கிறார்கள். பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகளுக்கு அதனால் வழி திறந்தது என்பதும் உண்மை, யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பிள்ளைகள் வாசலில் நின்று திரும்பினார்கள் என்பதும் உண்மை. இந்த ஏற்பாட்டில் ஒரு பிள்ளைக்கு நேரடிப் போட்டி கொழும்பில் இருக்கும் யாரோ அல்ல. அதே விளக்குக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவள்தான். ஒரு புள்ளியில் ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. கணக்குப் பார்த்தால் தாய் சொன்னது சரி.

பெறுபேறு வந்தது. இளையவளுக்கு வைத்திய பீடம். மூத்தவளுக்குச் சில புள்ளிகள் போதவில்லை.

ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. மூத்தவள் ஒரு கிழமை வெளியில் வரவில்லை. எட்டாம் நாள் இளையவள் சைக்கிளில் தன்னுடைய குறிப்புக்கள் அத்தனையையும் கட்டிக்கொண்டு போய் அவள் வீட்டுத் திண்ணையில் இருந்துவிட்டாள். தாய் முகம் கொடுக்கவில்லை, தேத்தண்ணியும் கொடுக்கவில்லை. இருந்தாலும் அடுத்த கிழமையும் போனாள். 1995 ஓகஸ்ட் பரீட்சை வரைக்கும் அப்படித்தான் போய்வந்தாள்.

அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழைக்குள் நாங்கள் எல்லோரும் நாவற்குழிப் பாலம் கடந்தோம். அதைப் பற்றி இங்கு எழுதவில்லை, நீங்களும் நடந்தவர்கள்தான். ஐந்து பேரும் ஐந்து திக்கு. மூத்தவளின் குடும்பம் வன்னிக்குப் போனது. இரண்டாவது முறைப் பெறுபேறு கையில் கிடைத்தபோது அவள் கிளிநொச்சிப் பக்கம் ஒரு மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வேறொரு பீடத்துக்கு இடம் கிடைத்தது. தகப்பன் படுக்கையில், தம்பிமார் சிறுவர்கள். அவள் போகவில்லை. பிறகு எத்தனையோ இடப்பெயர்வு. கடைசியில் 2009ஆம் ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்.

அந்த ஓகஸ்டில் முகாமிலிருந்த பிள்ளைகளும் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். மூன்று மாதங்களுக்கு முன்னர்வரை ஷெல்லுக்குள் இருந்த பிள்ளைகள். கொப்பி இல்லை, புத்தகம் இல்லை, சிலருக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை. நிவாரணப் பொருட்கள் வந்த காட்போட் பெட்டிகளைப் பிரித்து, அதன் உட்பக்கத்தில் கரியால் கட்டம் கீறித் தான் படிப்பித்ததாக அவள் சொன்னாள். பதினாறு கட்டம். கொட்டைகளுக்குப் பதில் பருப்பும் கடலையும். படிப்பித்து முடிய அதையும் கழுவி அவித்துச் சாப்பிட்டார்களாம்.

2010இல் அவளைக் கண்டபோது, இளையவளுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிக் கேட்டேன். மனத்தில் கிடந்த கேள்வி. அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அவளுக்குச் சொல்லிக் குடுக்கேக்கைதான் அந்தப் பாடம் எனக்கே விளங்கினது. நாலு பாடத்திலை அது ஒண்டுக்குத்தானே எனக்கு ஏ வந்தது. மறந்துபோனியோ?" என்றாள்.

நான் இப்போது கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறேன். 2022ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். அதே நேரம் மகளுக்கு மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. தொலைபேசியில் சார்ஜ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. எங்கள் வீட்டில் ஒரு சூரிய ஒளி விளக்கு இருந்ததால் மகளின் வகுப்புப் பிள்ளைகள் நாலுபேர் எங்கள் விறாந்தைக்கு வந்தார்கள். வெளிச்சத்தைக் கண்டு பக்கத்துவீட்டுச் சகோதரி ஒருவரும் வெங்காயம் உரிக்கும் வேலையோடு வந்து ஓரமாக இருப்பார். வயது முப்பத்தெட்டு. கணவரை 2009 மேயிலிருந்து தேடிக்கொண்டிருப்பவர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் விட்டவர்.

ஒரு இரவு பிள்ளைகள் கடன் கணக்கு ஒன்று செய்தார்கள். 60,000 ரூபா கடன், வருடம் 24 வீத வட்டி, குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி, 12 மாதத் தவணை. வெங்காயம் உரித்த கை நின்றுவிட்டது. "தங்கச்சி, அதைத் திருப்பிச் சொல்லு" என்றார்.

அவரும் ஒரு கம்பனியில் 60,000 ரூபா எடுத்தவர். 24 வீதம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மகளின் சிநேகிதி கொப்பியைத் திருப்பிக் காட்டினாள். மாதம் 5,000 முதல் கட்டினால் மீதி குறைந்துகொண்டே போகும். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் 78 மாத அலகு. 5,000 ரூபாவுக்கு மாதம் 2 வீதம் 100 ரூபா. ஆகவே மொத்த வட்டி 7,800 ரூபா. "நீங்கள் எவ்வளவு கட்டினீங்கள் அன்ரி?" அவருக்கு மனப்பாடம். 14,400. முதல் குறைந்துகொண்டு வந்தாலும் முழு 60,000க்கும் வருடம் முழுக்க வட்டி எடுத்திருக்கிறார்கள். வித்தியாசம் 6,600 ரூபா. அன்றிரவு அவர் அழவில்லை, ஏசவுமில்லை. அந்தக் கணக்கைத் தன் கையால் மூன்று தரம் செய்தார்.

அதன் பிறகு மூன்று கிழமை வந்து ஓரத்திலேயே இருந்தார். கேட்க வெட்கம். மகள் வயதுப் பிள்ளையிடம் பின்னம் எப்படிச் சுருக்குவது என்று கேட்பது லேசான காரியமில்லை. வெட்கம் போனது விவசாய பாடத்தால். அது அந்தப் பிள்ளைகளின் பாடங்களில் ஒன்று. ஆனால் ஒருத்திகூட நாற்று நட்டது கிடையாது. விதைநெல் உப்புத் தண்ணீரில் போட்டு ஏன் பார்க்கிறார்கள், எது மிதக்கும், எது தாழும், நாற்றுமேடைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது பிள்ளைகள் பேனையை எடுத்தார்கள். தானும் கொடுக்கிறவள் என்று ஆன பிறகே அவரால் வாய்திறந்து கேட்க முடிந்தது. உதவி பெற்றுப் பெற்றுக் களைத்த எங்கள் பெண்களுக்கு இது நன்றாக விளங்கும்.

பள்ளிக்கூடம் விட்டவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதலாம். வயது எல்லை என்று பயப்பட வேண்டாம். எல்லாப் பாடமும் ஒன்றாக எழுத வேண்டும் என்றுமில்லை. தேசிய அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். தொலைத்தவர்கள் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே போய்விடுங்கள், கடைசி நேரத்தில் அலையாதீர்கள். 2024 மே மாதம் நடந்த சாதாரண தரப் பரீட்சைக்கு அந்தச் சகோதரி தமிழும் கணிதமும் விவசாயமும் எழுதினார். மண்டபத்துக்குள் போகும்போது மேற்பார்வையாளர் அவரை யாரோ பிள்ளையின் தாய் என்று நினைத்து வெளியில் நிற்கச் சொன்னாராம். சுட்டிலக்கத்தைக் காட்டியபிறகு கதிரையை இழுத்துவிட்டாராம். கணிதத்துக்கு எஸ் வந்தது. சாதாரண சித்திதான். பெறுபேற்றுத் தாளை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கணவருடைய படமும் அங்கேதான் இருக்கிறது.

மகள் இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். விறாந்தையில் இன்று மூன்று பெண்களும், சாதாரண தரம் எடுக்கும் இரண்டு பிள்ளைகளும் கூடுகிறார்கள். கடன் கணக்கு அவர் பொறுப்பு. அதை வேறு யாரையும் சொல்லிக்கொடுக்க விடமாட்டார். அடுத்த கிழமை திரிகோணகணிதம் தொடங்க வேண்டும். ஒரு கொம்பாஸ் பெட்டி குறைகிறது.