ராயப்பர் ஏற்பாடு செய்த பந்தி

ராயபுரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? 1856-ல் ரயில் புறப்பட்ட பழைய ஸ்டேஷனா? காசிமேட்டு மீனா? ஊரின் பெயரையே சற்றுக் கவனியுங்கள். இயேசுவின் சீடரான பேதுருவுக்குக் கத்தோலிக்கர் வழங்கிய பெயர் ராயப்பர். அவர் பெயரால்தான் ராயபுரம் என்று சொல்வார்கள். அங்கே அவருக்கு ஒரு கோயிலும் இருக்கிறது. துறைமுகம் இல்லாத நாளில் அலையோடு மல்லுக்கட்டி, மசூலாப் படகில் கப்பல் சரக்கைக் கரை சேர்த்த மக்கள் எழுப்பிய கோயில் அது.

பெரிய வியாழனன்று சாயந்திரம் அங்கே போயிருந்தேன். பூசைக்கு வந்திருந்த ஓர் அம்மாளிடம், "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"ஆண்டவர் கடைசியாகச் சாப்பிட்ட நாள், தம்பி. பாஸ்காப் பந்தி! அதற்கு எல்லாம் தயார் பண்ணப் போனவரே எங்கள் ராயப்பர்தானே!" என்றார், தம் வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தைப் புரட்டினேன். லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. பந்தி ஏற்பாட்டுக்கு இயேசு அனுப்பியது ராயப்பரையும் அருளப்பரையும்தான்.

பாஸ்கா யூதர்களின் பண்டிகை. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த அவர்கள் முன்னோர் ஓர் இரவில் விடுதலை பெற்றுப் புறப்பட்டார்கள். மாவு புளிக்கக்கூட நேரமில்லை! இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டு விடியும் வரை காத்திருக்கும் நமக்கு அந்த அவசரம் புரியும். அதனால் இன்றும் அந்த நாட்களில் யூத வீடுகளில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் இராது. போகிக்கு நாம் செய்வதுபோல் வீட்டைச் சுத்தம் செய்து, புளிப்பில்லாத அப்பமும், அடிமை வாழ்வின் கசப்பை நினைவூட்டக் கசப்புக் கீரையும் உண்பார்கள். "இந்த இரவு ஏன் வேறு மாதிரி இருக்கிறது?" என்று வீட்டின் கடைக்குட்டி கேட்க வேண்டும், பெரியவர்கள் கதை சொல்ல வேண்டும்.

கத்தோலிக்கப் பூசையில் கொடுக்கும் அப்பமும் புளிப்பில்லாததுதான். ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாட்டுக்குப் பெயரே பாஸ்கா திருவிழிப்பு. கடல் பிளந்து அடிமைகள் கரையேறிய பகுதியை அன்று வாசிக்காமல் விடுவதில்லை. படகோட்டிகளின் கோயிலில் அதைக் கேட்பதற்குத் தனிப் பொருள் உண்டல்லவா?

யூதர்கள் நம் ஊருக்கு அந்நியரல்ல. ராயபுரத்துக்குத் தெற்கே இருக்கும் பவழக்காரத் தெரு, பவழ வியாபாரம் செய்த யூதர்களை நினைவூட்டுவது. 1688-ல் அமைந்த சென்னை நகரசபையின் 12 ஆல்டர்மென்களில் மூவர் யூதர்.

ஆனால் ஐரோப்பாவில் நடந்தது வேறு. இதே புனித வாரத்தில் யூதர் மேல் வீண்பழி சுமத்தி, அடித்துக் கொன்ற கொடுமை பல முறை நடந்திருக்கிறது. பெரிய வெள்ளி ஜெபத்தில் யூதர்களைக் குறித்திருந்த இழிசொல்லைப் போப் இருபத்துமூன்றாம் ஜான் 1959-ல்தான் நீக்கினார். இயேசுவின் மரணத்துக்கு யூதர் எல்லோரையும் குற்றம் சாட்டலாகாது என்று வத்திக்கான் சங்கம் 1965-ல் அறிவித்தது.

பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்தால், தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். பாஸ்கா அப்படி வந்த தட்டு. அதில் வெகு காலம் வசை போட்டே திருப்பினார்கள். இன்று அந்தப் பந்தியில் உட்காருகிறவர்கள் அதில் மரியாதையை வைத்துக் கொடுத்தால், ஏற்பாடு செய்யப் போன ராயப்பரின் மனமும் குளிரும்!